அகதா கிறிஸ்டி: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அகதா கிறிஸ்டியின் (1890–1976) துப்பறியும் கதைகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களும், நாலைந்து படித்துவிட்டு அடுத்தது எது என்று தேடுபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எந்தக் கதையிலும் கொலை செய்தவர் யார் என்பதை இங்கே சொல்லவில்லை. முதல் நாவலான 'ஸ்டைல்ஸ்' பற்றிய இரண்டு நுணுக்கங்களை மட்டும் விளக்கியிருக்கிறோம். அந்த இரண்டு பதில்களின் தொடக்கத்திலும் எச்சரிக்கை உண்டு. அதைப் படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

மொத்தம் எத்தனை புத்தகங்கள் எழுதியிருக்கிறார்?

துப்பறியும் நாவல்கள் 66, சிறுகதைத் தொகுப்புகள் 14 என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. 66 நாவல்களில் பெல்ஜியத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோ வருபவை 33, கிராமத்தில் வாழும் முதிய பெண்மணியான மிஸ் மார்ப்பிள் துப்பறிபவை 12, டாமி–டப்பன்ஸ் தம்பதி வருபவை 4. மீதி 17-இல் இவர்கள் யாரும் இல்லை. 'அண்ட் தென் தேர் வேர் நன்', 'குரூக்கட் ஹவுஸ்', 'எண்ட்லெஸ் நைட்' ஆகிய மூன்றும் இந்த 17-இல்தான் அடக்கம். புவாரோவையும் மார்ப்பிளையும் முடித்ததும் கிறிஸ்டியை முடித்துவிட்டதாக நினைப்பவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

இவை தவிர மேரி வெஸ்ட்மேகாட் என்ற புனைபெயரில் 6 நாவல்கள், மேடை நாடகங்கள், சிரியாவில் நடந்த அகழ்வாய்வு நாட்களைப் பற்றிய 'கம், டெல் மீ ஹவ் யூ லிவ்' (1946), அவர் இறந்தபின் 1977-இல் வெளியான சுயசரிதை ஆகியவையும் உண்டு.

எதிலிருந்து தொடங்கலாம்?

'தி ஏபிசி மர்டர்ஸ்' (1936) அல்லது 'பெரில் அட் எண்ட் ஹவுஸ்' (1932). இரண்டிலும் புவாரோவும் அவருடைய நண்பர் கேப்டன் ஹேஸ்டிங்ஸும் வருகிறார்கள், கதை முதல் அத்தியாயத்திலேயே நகரத் தொடங்கிவிடும், முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மார்ப்பிளுக்கு 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' (1950). துப்பறிவாளரே இல்லாத கதை வேண்டுமென்றால் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939).

'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அவசரம் வேண்டும். அதன் முடிவு துப்பறியும் இலக்கியத்தைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் போட்டு உடைக்கப்படுகிறது. யாராவது சொல்லிவிடுவதற்கு முன் படித்துவிடுங்கள். இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும் புத்தகமாக அது இருக்கட்டும். அதைப் படிக்கும்வரை இணையத்தில் அதன் பெயரைத் தேட வேண்டாம்.

வெளியான வரிசையில்தான் படிக்க வேண்டுமா?

பெரும்பாலானவற்றுக்கு வேண்டியதில்லை. ஆனால் சில நாவல்கள் முந்தைய நாவல்களின் முடிவைச் சொல்லிவிடுகின்றன, அட்டையில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. கவனிக்க வேண்டியவை இவை.

'டம்ப் விட்னஸ்' (1937): நடுவே ஓர் இடத்தில் புவாரோ தான் முன்பு பிடித்த நான்கு கொலையாளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். 'ஸ்டைல்ஸ்', 'ரோஜர் அக்ராய்ட்', 'தி மிஸ்டரி ஆஃப் தி புளூ டிரெயின்' (1928), 'டெத் இன் தி கிளவுட்ஸ்' (1935) ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் போய்விடும். இந்த நான்கையும் முடிக்காமல் அதைத் தொடக் கூடாது. கிறிஸ்டியின் வாசகர்களுக்கு அதிக இழப்பை ஏற்படுத்தும் பக்கம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' (1936): புவாரோ ஒரு கத்தியைக் காட்டிப் பேசும் இடத்தில் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' (1934) கதையின் விடை வெளியாகிவிடுகிறது. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் முதலில், இது பிறகு.

'எ கரீபியன் மிஸ்டரி' (1964), 'நெமிசிஸ்' (1971): இரண்டாவது நாவல் முதலாவதில் அறிமுகமாகும் ரஃபியேல் என்ற செல்வந்தரிடமிருந்துதான் தொடங்குகிறது. மாற்றிப் படித்தால் புரியாமல் போகாது, ஆனால் அந்த மனிதரின் மீது வரவேண்டிய ஈர்ப்பு வராது.

டாமி–டப்பன்ஸ் கதைகளை வரிசையாகத்தான் படிக்க வேண்டும். புவாரோவுக்கு வயது ஏறுவதே தெரியாது. இவர்கள் இருவரும் நிஜ மனிதர்களைப் போல மூப்படைகிறார்கள். 1922-இல் வேலை தேடும் இளைஞர்களாக வந்தவர்கள் 1973-இல் முதியவர்களாக விடைபெறுகிறார்கள்.

'கர்ட்டன்' (1975): புவாரோவின் கடைசி வழக்கு. முதல் நாவலின் அதே வீட்டில் நடக்கிறது. 'ஸ்டைல்ஸ்' படித்திருந்தால்தான் அதன் கனம் இறங்கும். குறைந்தது பத்துப் புவாரோ கதைகளாவது படித்துப் பழகியபின் எடுப்பது நல்லது.

ஒரே நாவலை இரண்டு பெயரில் வாங்கிவிட்டேன். ஏன் இப்படி?

பிரிட்டிஷ் பதிப்பாளரும் அமெரிக்கப் பதிப்பாளரும் தனித்தனியே தலைப்பு வைத்தார்கள். பழைய புத்தகக் கடைகளில் இரண்டு நாட்டுப் பதிப்புகளும் கலந்தே கிடப்பதால் அடிக்கடி நேர்வது இது. முதலில் பிரிட்டிஷ் தலைப்பையும் அடுத்து அமெரிக்கத் தலைப்பையும் தருகிறோம்:

'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' – 'மர்டர் இன் தி கலே கோச்'
'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' – 'தர்ட்டீன் அட் டின்னர்'
'ஒய் டிடின்ட் தே ஆஸ்க் எவன்ஸ்' – 'தி பூமராங் க்ளூ'
'டெத் இன் தி கிளவுட்ஸ்' – 'டெத் இன் தி ஏர்'
'டம்ப் விட்னஸ்' – 'புவாரோ லூசஸ் எ கிளையன்ட்'
'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' – 'மர்டர் இன் ரெட்ரோஸ்பெக்ட்'
'ஸ்பார்க்ளிங் சயனைட்' – 'ரிமெம்பர்ட் டெத்'
'தி ஹாலோ' – 'மர்டர் ஆஃப்டர் ஹவர்ஸ்'
'டேக்கன் அட் தி ஃபிளட்' – 'தேர் இஸ் எ டைட்'
'ஆஃப்டர் தி ஃபியூனரல்' – 'ஃபியூனரல்ஸ் ஆர் ஃபேட்டல்'
'4.50 ஃபிரம் பேடிங்டன்' – 'வாட் மிஸஸ் மெக்கிலிகடி சா'

'ஹெர்க்யூல் புவாரோஸ் கிறிஸ்மஸ்' (1938), 'ஒன், டூ, பக்கிள் மை ஷூ' (1940) இரண்டுக்கும் மூன்று தலைப்புகள் உண்டு. முதலாவது 'மர்டர் ஃபார் கிறிஸ்மஸ்' என்றும் 'எ ஹாலிடே ஃபார் மர்டர்' என்றும், இரண்டாவது 'தி பேட்ரியாட்டிக் மர்டர்ஸ்' என்றும் 'ஆன் ஓவர்டோஸ் ஆஃப் டெத்' என்றும் கிடைக்கும். வாங்குமுன் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டுங்கள். வேறு தலைப்பில் முன்பு வெளியானது என்ற குறிப்பு பெரும்பாலும் அங்கே சிறிய எழுத்தில் இருக்கும்.

சிறுகதைத் தொகுப்புகளிலும் இதே குழப்பமா?

அங்கே இன்னும் அதிகம். ஒரே கதை பிரிட்டனில் ஒரு தொகுப்பிலும் அமெரிக்காவில் வேறொரு தொகுப்பிலும் இருக்கும். 'தி விட்னஸ் ஃபார் தி ப்ராசிகியூஷன்' பிரிட்டனில் 'தி ஹவுண்ட் ஆஃப் டெத்' (1933) தொகுப்பிலும், அமெரிக்காவில் அதே தலைப்பிலான 1948 தொகுப்பிலும் வந்தது. தனித்தனித் தொகுப்புகளாகச் சேர்ப்பதைவிட புவாரோ சிறுகதைகள் முழுவதும் ஒரே நூலாகவும் மார்ப்பிள் சிறுகதைகள் இருபதும் ஒரே நூலாகவும் வரும் முழுத் தொகுப்புகளை வாங்குவதே லாபம்.

இன்னொன்று. 'பிளாக் காஃபி', 'தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்', 'ஸ்பைடர்ஸ் வெப்' மூன்றும் நாவல் வடிவில் கிடைத்தால், அவை கிறிஸ்டியின் நாடகங்களைச் சார்ல்ஸ் ஆஸ்போர்ன் நாவலாக்கியவை. 2014 முதல் வரும் புதிய புவாரோ நாவல்கள் சோஃபி ஹன்னா எழுதுபவை. அட்டையில் கிறிஸ்டியின் பெயரே பெரிதாக இருக்கும்.

எழுத வந்தது எப்படி? முதல் நாவலுக்கு என்ன கிடைத்தது?

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியிலுள்ள டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். முதல் உலகப் போரில் அவ்வூர் மருத்துவமனையில் தாதியாக இருந்து, பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறினார். அங்கே வேலை சில நேரம் நெருக்கும், சில நேரம் சும்மா உட்கார வைக்கும். சுற்றிலும் விஷப் புட்டிகள். 1916-இல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' எழுதினார். போருக்குத் தப்பி வந்த பெல்ஜிய அகதிகள் அப்போது டார்க்கீயில் இருந்தார்கள்; ஓய்வுபெற்ற பெல்ஜியப் போலீஸ்காரரான புவாரோ அப்படித்தான் பிறந்தார்.

பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஜான் லேனின் பாட்லி ஹெட் பதிப்பகம் ஏற்றது. நீதிமன்றக் காட்சியாக இருந்த இறுதிப் பகுதியை மாற்றச் சொன்னார்கள். வழக்கறிஞர்கள் ஒப்புக்கொள்ளாத சாட்சியமுறை அது. துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் கூட்டி வைத்து விடையைச் சொல்லும் காட்சி அதன் இடத்தில் வந்தது, பிறகு அதுவே அவருடைய முத்திரையானது. நாவல் அமெரிக்காவில் 1920-லும் பிரிட்டனில் 1921 ஜனவரியிலும் வெளியாயிற்று.

ஒப்பந்தம் அநியாயமானது. 2,000 பிரதிகள் விற்றபிறகுதான் 10 சதவீத ராயல்டி தொடங்கும். மேலும் ஐந்து புத்தகங்களை அவர்களுக்கே தர வேண்டும். முதல் நாவலால் அவர் கையில் வந்தது 25 பவுண்டு, அதுவும் தொடர்கதை உரிமையில் கிடைத்த பங்கு. 'தி மேன் இன் தி பிரவுன் சூட்' (1924) கதைக்கு 'ஈவ்னிங் நியூஸ்' நாளிதழ் 500 பவுண்டு கொடுத்தபோதுதான் இது வருமானமுள்ள தொழில் என்று தெரிந்தது. அந்தப் பணத்தில் மோரிஸ் கௌலி கார் ஒன்று வாங்கினார். ஆறு புத்தகக் கடன் தீர்ந்ததும் முகவர் எட்மண்ட் கார்க் வழியாகக் காலின்ஸ் பதிப்பகத்துக்கு மாறினார். அங்கே கொடுத்த முதல் நாவல் 'ரோஜர் அக்ராய்ட்'.

விஷத்தைப் பற்றி எழுதியதெல்லாம் சரியானதா?

(எச்சரிக்கை: 'ஸ்டைல்ஸ்' நாவலில் விஷம் கொடுக்கப்பட்ட விதம் இந்தப் பதிலின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது.)

பெரும்பாலும் சரி. 1917-இல் மருந்தாளர் தேர்வில் தேறியவர் அவர். இரண்டாம் உலகப் போரிலும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தார். கண்டுபிடிக்கவே முடியாத மர்ம விஷம் என்று கதைவிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மருந்தகத்தில் இருப்பது, தோட்டத்தில் வளர்வது, பூச்சி கொல்லும் சாமான் என்று அன்றைய வீட்டில் கைக்கு எட்டுவதையே எடுப்பார். 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' (1953) கதையில் யூ மரத்தின் டாக்சின், 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' (1942) கதையில் ஹெம்லாக் செடியின் கோனீன். விஷம் உடம்பில் வேலை செய்ய எவ்வளவு நேரமாகும், எந்த அறிகுறி முதலில் தெரியும் என்பதை வைத்தே யார் எங்கே இருந்தார் என்ற கணக்கைப் பின்னுவார். அறிகுறிகளை மேலோட்டமாகப் படித்துத் தள்ளுபவர்கள் பாதித் தடயத்தை இழக்கிறார்கள்.

'ஸ்டைல்ஸ்' கதையில் வரும் சத்து மருந்தில் ஸ்ட்ரிக்னின் மிகச் சிறிய அளவில் உண்டு; அக்காலத்தில் அது வழக்கமான டானிக். அதில் புரோமைடு உப்பு சேர்ந்தால் ஸ்ட்ரிக்னின் கரையாத படிகமாகி அடியில் தங்கிவிடும். மேலாக ஊற்றிக் குடிக்கும் வேளைகளில் ஒன்றும் ஆகாது. அடியில் தங்கியது மொத்தமும் கடைசி வேளையில் இறங்கும். அந்தக் கால மருந்தாளர் பாடநூல்கள் மாணவர்களை எச்சரித்த பிழை இது. மருந்துப் புட்டியைக் குலுக்கிவிட்டுக் குடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கொலைகாரர் பக்கத்திலேயே இல்லாத நாளில் கொலை நடக்க முடிகிறது. மருந்தியல் சஞ்சிகை ஒன்று இந்த நாவலைப் பாராட்டி மதிப்புரை எழுதியது, அந்தப் பாராட்டைக் கிறிஸ்டி வாழ்நாள் முழுக்கப் பெருமையாக நினைத்தார்.

தாலியம் விஷத்தை வைத்து எழுதிய 'தி பேல் ஹார்ஸ்' (1961) ஓர் உயிரையே காப்பாற்றியிருக்கிறது. 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு தாதி, குழந்தையின் முடி உதிர்வதைக் கவனித்துத் தாலியமாக இருக்கலாம் என்றார். பரிசோதனையில் அதுவே உறுதியானது. இதை மருத்துவ இதழில் எழுதிய டாக்டர்கள் கிறிஸ்டிக்கும் நன்றி சொன்னார்கள். அந்த நாவலில் வரும் மருந்துக்கடைக்காரருக்கு முன்மாதிரி, கிறிஸ்டிக்குப் பயிற்சி தந்த டார்க்கீ மருந்தாளர். க்யூராரே என்ற கொடிய விஷத்தின் ஒரு கட்டியை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார் அவர். அது தனக்கு ஒரு வலிமை தருவதாக அவர் சொன்னது கிறிஸ்டியின் நினைவில் நாற்பது ஆண்டுக்கு மேல் தங்கியது.

தடயத்தை எப்படி ஒளித்து வைக்கிறார்?

(எச்சரிக்கை: 'ஸ்டைல்ஸ்' நாவலின் இன்னொரு தடயம் இங்கே வருகிறது.)

ஒளித்து வைப்பதில்லை என்பதுதான் அவருடைய திறமை. கண்ணெதிரே வைத்துவிட்டு, அதை வேறு ஏதோ ஒன்றாக எண்ண வைக்கிறார். புவாரோவுக்குப் பொருள்கள் கோணலாக இருந்தால் பொறுக்காது. 'ஸ்டைல்ஸ்' கதையில் பேசிக்கொண்டே கணப்படுப்பின் மேலிருக்கும் அலங்காரப் பொருள்களை நேர்படுத்துகிறார். வாசகர் இதை அவருடைய சுபாவத்தைக் காட்டும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பல அத்தியாயங்கள் கழித்து ஹேஸ்டிங்ஸ் அதைத் தற்செயலாக நினைவூட்டும்போது புவாரோ துள்ளி எழுகிறார். அன்று காலையில் ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் நேர்படுத்தியிருந்தாரே! இரண்டாம் முறை நேர்படுத்த வேண்டியிருந்தது என்றால் இடையில் யாரோ அங்கே கை வைத்திருக்கிறார்கள். வழக்கின் முக்கியமான ஆவணம் அங்கேதான் கிடக்கிறது.

இதே உத்தியைப் பலவிதமாக அவர் செய்வார். வேலைக்காரப் பெண் சொல்லும் துணுக்கு, வயதான பெண்மணியின் வளவளப்பு, ஒருவர் வேறொருவரின் தோளுக்கு மேலாகப் பார்த்து அதிர்ச்சியடைவது. மறுபடி படிக்கும்போது பென்சிலோடு உட்காருங்கள். முதல் வாசிப்பில் நம்மை ஏமாற்றிய வாக்கியத்தில் பொய் ஒரு சொல்கூட இருக்காது.

'ரோஜர் அக்ராய்ட்' ஏன் இவ்வளவு சர்ச்சைக்குள்ளானது?

வாசகரை நேர்மையாக நடத்தவில்லை என்று ஒரு சாராரும், எல்லாத் தடயமும் எழுத்தில் இருக்கிறது என்று இன்னொரு சாராரும் சண்டையிட்டார்கள். எங்கள் வாக்கு இரண்டாவது கட்சிக்கு. அதன் மூலக் கருத்தை அவருடைய அக்காள் கணவர் ஜேம்ஸ் வாட்ஸும், பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயான மவுண்ட்பேட்டனும் தனித்தனியாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945-இல் இந்த வகை நாவல்கள் முழுவதையும் தாக்கி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அக்ராய்டின் பெயர் இருந்தது.

1926-இல் காணாமல் போனது விளம்பரத்துக்காகவா?

அப்படி நினைக்க ஆதாரம் எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் தாய் இறந்தார். பிறந்த வீட்டை ஒழிக்கும் வேலை தலையில் விழுந்தது. கணவர் ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டி வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி விவாகரத்துக் கேட்டார். டிசம்பர் 3 இரவு கிறிஸ்டி வீட்டை விட்டுக் காரில் கிளம்பினார். மறுநாள் சர்ரே மாவட்டத்தில் நியூலண்ட்ஸ் கார்னர் என்ற இடத்தில் கார் மட்டும் கிடந்தது. போலீஸும் ஆயிரக்கணக்கான பொதுமக்களும் தேடினார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில், கிறிஸ்டியின் கையுறையை ஆவியுலக ஊடகர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். டிசம்பர் 14-இல் வடக்கே ஹாரகேட் நகர ஓட்டல் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். கேப்டவுனிலிருந்து வந்த திருமதி நீல் என்று பதிவு செய்திருந்தார். கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர் அது. நினைவு தப்பியது என்று குடும்பத்தார் அறிவித்தார்கள். சுயசரிதையில் அந்தப் பதினொரு நாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மனம் உடைந்த ஒரு பெண்ணின் நாட்கள் அவை என்பதற்கு மேல் அதைத் துருவ வேண்டியதில்லை.

எழுத்து வாழ்வில் அதன் விளைவு வேறு. வெறுத்துப் போயிருந்த நேரத்திலும் பணம் தேவைப்பட்டது. பத்திரிகையில் வந்த பழைய சிறுகதைகளைக் கோத்து 'தி பிக் ஃபோர்' (1927) வெளியிட்டார், 'புளூ டிரெயின்' நாவலை மனமில்லாமல் எழுதி முடித்தார். பிடிக்காதபோதும் எழுத வேண்டும் என்ற நிலை வந்த அந்தக் கட்டத்தில்தான் தான் தொழில்முறை எழுத்தாளராக மாறியதாகப் பின்னர் குறிப்பிட்டார். 'புளூ டிரெயின்' அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் உண்மையிலேயே பயணம் செய்தாரா?

பலமுறை. 1928-இல் விவாகரத்துக்குப் பின் தனியாகப் பாக்தாத் போனார், அங்கிருந்து 'ஊர்' என்ற பண்டைய நகரத்தின் அகழ்வாய்வைப் பார்க்கச் சென்றார். 1930-இல் மறுபடி போனபோது தொல்லியலாளர் மேக்ஸ் மேலோவனைச் சந்தித்தார், அதே ஆண்டு செப்டம்பரில் திருமணம். நாவலின் கருவுக்குக் காரணங்கள் பல. 1929-இல் துருக்கியின் செர்கெஸ்கோய் அருகே அந்த ரயில் பனியில் சிக்கியது. 1931 டிசம்பரில் நினிவேயிலிருந்து திரும்பும்போது அவர் வந்த ரயிலே மழை வெள்ளத்தால் பாதை கெட்டு நின்றது. சகபயணிகளை வர்ணித்துக் கணவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. 1932-இல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது உலகை உலுக்கியது.

அகழ்வாய்வுகளில் அவர் வெறும் மனைவியாக உடன் இருக்கவில்லை. கண்டெடுத்தவற்றைப் புகைப்படம் எடுத்தார், பதிவு செய்தார். நிம்ரூதில் கிடைத்த தந்தச் சிற்பங்களின் இடுக்குகளில் ஒட்டிய மண்ணை மெல்லிய பின்னல் ஊசியாலும் முகத்துக்குப் பூசும் கிரீமாலும் சுத்தம் செய்தார். 'மர்டர் இன் மெசபடோமியா' (1936), 'டெத் ஆன் தி நைல்' (1937), 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' (1938), பண்டைய எகிப்தில் நடக்கும் 'டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்' (1944) ஆகியவை இந்த வாழ்வின் விளைச்சல்.

கதையை எப்படித் திட்டமிட்டார்?

அவருடைய 73 குறிப்பேடுகள் கிடைத்திருக்கின்றன. ஜான் கரன் அவற்றைப் படித்து 2009-இல் நூலாக்கினார். பள்ளிக்கூட நோட்டுகள், கையெழுத்து கோழிக்கிறுக்கல். ஒரே நாவலின் குறிப்பு நாலைந்து நோட்டுகளில் சிதறிக்கிடக்கும், நடுவில் கடைக்குப் போக வேண்டிய பட்டியல் இருக்கும். காட்சிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்துவிட்டு, எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி வரிசையை முடிவு செய்வது அவர் முறை. யார் கொலையாளி என்பதே பாதியில் மாறிய கதைகள் உண்டு. எழுத முனைபவர்கள் கரனின் நூலைப் படிக்கலாம், ஆனால் அது முடிவுகளை மறைக்காமல் பேசுகிறது. நாவல்களை முடித்துவிட்டுத் திறக்க வேண்டிய நூல்.

மேரி வெஸ்ட்மேகாட் நாவல்கள் துப்பறியும் கதைகளா?

இல்லை. குடும்பம், திருமணம், தாய்–மகள் உறவு பற்றியவை. 1930 முதல் 1956 வரை ஆறு வந்தன. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது 1949-இல் வெளியே தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் படிப்பதானால் 'ஆப்சென்ட் இன் தி ஸ்பிரிங்' (1944): பாலைவன ரயில் விடுதியில் தனியே மாட்டிக்கொண்ட ஒரு பெண் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறாள். கொலை இல்லை, பிணம் இல்லை. ஆனால் தடயங்களைச் சேர்த்து உண்மைக்கு வரும் அதே கை அதிலும் வேலை செய்கிறது.

'கர்ட்டன்', 'ஸ்லீப்பிங் மர்டர்' இரண்டும் எப்போது எழுதப்பட்டவை?

இரண்டும் இரண்டாம் உலகப் போர் காலத்தை ஒட்டி எழுதிப் பாதுகாப்பாக வைக்கப்பட்டவை. 'கர்ட்டன்' உரிமை மகள் ரோசலிண்டுக்கும் 'ஸ்லீப்பிங் மர்டர்' உரிமை கணவர் மேக்ஸுக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. 'கர்ட்டன்' 1975-இல் வந்தது. புவாரோவின் மரணத்தை 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் இரங்கல் செய்தியாகப் போட்டது. 'ஸ்லீப்பிங் மர்டர்' கிறிஸ்டி இறந்தபின் 1976-இல் வந்தது. அதில் மிஸ் மார்ப்பிள் சுறுசுறுப்பாகத் தோட்ட வேலை செய்வதும், 1962 நாவலில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கர்னல் பேன்ட்ரி உயிரோடு இருப்பதும் இதனால்தான். எழுதியதில் கடைசி மார்ப்பிள் 'நெமிசிஸ்', எழுதியதில் கடைசி நாவல் 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' (1973).

'அண்ட் தென் தேர் வேர் நன்' தலைப்பு ஏன் மாறியது?

1939-இல் பிரிட்டனில் வந்த தலைப்பு ஒரு பழைய சிறுவர் பாட்டிலிருந்து எடுத்தது. கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் அதில் இருந்தது. அமெரிக்கப் பதிப்பு 1940-இலேயே இன்றைய தலைப்புக்கு மாறிவிட்டது. பிரிட்டனில் 1980-கள் வரை பழைய தலைப்பு நீடித்தது. இடையில் 'டென் லிட்டில் இண்டியன்ஸ்' என்றும் வந்தது. மூன்றும் ஒரே நாவல்தான். 1943 நாடகத்துக்கு மட்டும் அவரே வேறு முடிவு எழுதினார், பல திரைப்படங்கள் நாடகத்தின் முடிவையே எடுத்தன. படம் பார்த்தவர்களும் நாவலைப் படிக்கலாம்.

'தி மவுஸ்டிராப்' இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. ராணி மேரியின் 80-ஆம் பிறந்தநாளுக்காக 1947-இல் எழுதிய வானொலி நாடகம் மேடைக்கு வந்தது. லண்டனில் தொடங்கிய நாள் 25 நவம்பர் 1952. 1974-இல் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு மாறியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்று 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. உரிமையைப் பேரன் மாத்யூ பிரிச்சர்டுக்கு எழுதிக் கொடுத்தார். லண்டன் மேடையில் நடக்கும்வரை படமாக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் இருக்கிறது.

தவிர்க்கலாம் என்று சொல்லக்கூடியவை?

'பாசஞ்சர் டு ஃபிராங்க்ஃபர்ட்' (1970), 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' (1972), 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' மூன்றையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தேதிகள் முரண்படுகின்றன, உரையாடல் சுற்றிச் சுற்றி வருகிறது. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய நாவல்களைக் கணினியில் அலசி, கடைசிக் காலத்தில் சொல்வளம் குறைந்து ஒரே சொற்கள் திரும்ப வருவதைக் காட்டினார்கள். மூளை நலிவின் அறிகுறியாக இருக்கலாம் என்றார்கள். 'எலிஃபன்ட்ஸ்' நினைவைப் பற்றிய கதை என்பது தெரிந்து படித்தால் மனம் கனக்கும். அதற்கு ஐந்தே ஆண்டுகள் முன்பு, 76 வயதில், 'எண்ட்லெஸ் நைட்' (1967) போன்ற இறுக்கமான நாவலை அவர் எழுதியிருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்களைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த நாவல் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியர் இறந்தார், தண்டிக்கப்பட்ட மனைவி சிறையிலேயே இறந்துவிட்டாள். புதிய தடயம் எதுவும் கிடைக்க வழியில்லை. அன்று அங்கே இருந்த ஐந்து பேரின் நினைவுகள் மட்டுமே புவாரோவின் கையில். அதே நாளை ஐந்து முறை படிக்கிறோம், ஒருமுறையும் சலிப்பதில்லை.

டிவி தொடரைப் பார்த்தால் போதாதா?

டேவிட் சூஷே நடித்த புவாரோ தொடர் (1989–2013, 70 பகுதிகள்), ஜோன் ஹிக்சன் நடித்த மார்ப்பிள் தொடர் (1984–1992, 12 நாவல்களும்) இரண்டும் அருமை. ஆனால் தொடர் பார்த்தவர்களுக்கு ஹேஸ்டிங்ஸ் எல்லாக் கதையிலும் இருப்பார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நாவல்களில் அவர் வருவது எட்டில்தான். 2004-இல் தொடங்கிய இன்னொரு மார்ப்பிள் தொடர், மார்ப்பிளே இல்லாத 'தி சிட்டஃபர்ட் மிஸ்டரி', 'ஆர்டீல் பை இன்னசன்ஸ்', 'எண்ட்லெஸ் நைட்' போன்றவற்றிலும் அவரைக் கொண்டுவந்து நுழைத்தது. புத்தகத்தில் அவரைத் தேடி ஏமாறாதீர்கள்.

ஆங்கிலத்தில் படிக்கத் தயக்கமாக இருக்கிறது. முடியுமா?

முடியும். வாக்கியங்கள் சிறியவை, பாதிக்கு மேல் உரையாடல். தடுக்கும் இடங்கள் சில. புவாரோவின் பிரெஞ்சுச் சொற்களை விட்டுவிட்டுப் போனாலும் கதை குறையாது. பணக்கணக்கு பழையது: 1971 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, கினி என்பது 21 ஷில்லிங். 'இன்குவெஸ்ட்' என்று வருவது குற்ற வழக்கு அல்ல, சாவுக்கு என்ன காரணம் என்று தீர்மானிக்கும் மரண விசாரணை. இலங்கை வாசகர்களுக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி மூலம் இது பழக்கமானதே. இங்கிலாந்துச் சட்டத்தில் ஒருவர் திருமணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் பொதுவாகச் செல்லாமல் போகும். இந்தியாவில் இந்து உயில்களுக்கு இந்த விதி இல்லை என்பதால் நம் வாசகர்கள் பலர் உயில் விவகாரத்தில் தடுமாறுகிறார்கள். வாரிசு யார் என்ற கணக்கு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மின்னூலாகப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'ஸ்டைல்ஸ்', 'அக்ராய்ட்', 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' ஆகியவற்றில் வீட்டின் அல்லது ரயில்பெட்டியின் வரைபடம் உண்டு. எழுத்து மட்டும் கொண்ட இலவசப் பதிப்புகளில் அது விடுபட்டிருக்கும். எந்தக் கதவு எதற்கு எதிரே என்பது தெரியாமல் சில பக்கங்கள் விளங்காது. வரைபடம் உள்ள பதிப்பாகப் பாருங்கள்.

அவருடைய கதைகளைத் தமிழாக்கி வெளியிட அனுமதி தேவையா?

தேவை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அவர் இறந்தது 12 ஜனவரி 1976. எனவே இந்தியாவில் 31 டிசம்பர் 2036 வரை உரிமை உண்டு. பிரிட்டனிலும் இலங்கையிலும் 70 ஆண்டுகள், அதாவது 2046 முடியும்வரை. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்ற கணக்கு; அதனால்தான் 1926-இல் வந்த 'அக்ராய்ட்' அங்கே 1 ஜனவரி 2022 முதல் பொதுவுடைமை. அமெரிக்கத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அதை மொழிபெயர்த்து விற்கலாம் என்று ஆகிவிடாது. உரிமைகளைக் கவனிப்பது அகதா கிறிஸ்டி லிமிடெட் நிறுவனம். பதிப்பகம் வழியாக எழுத்து மூலம் அனுமதி பெற்றபிறகே மொழிபெயர்ப்பைத் தொடங்குங்கள். முடித்துவிட்டுக் கேட்டு, உரிமை வேறொருவருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டது என்று தெரிந்தால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும்.